நனைந்த கணிப்பொறியைத் துலக்கி உலர்த்தும் முறை

கணிப்பொறியும் தேநீர்க் குவளையும் ஒரே மேசையின்மேல் வைக்கப்படத் தொடங்கிய நாள்தொட்டு, குவளை கணிப்பொறியின்மேற் கவிழ்தலும் நிகழ்ந்தே வருகின்றது. விடுதி மாணவர்க்கு இஃது அரிய விபத்தன்று. இரவு பன்னிரண்டு மணிக்கு ஒருவர் தம் ஆய்வேட்டின் இறுதிப் பகுதியை எழுதிக்கொண்டிருப்பார். கை சற்றே தவறும். அரைக்குவளைத் தேநீர் எழுத்துச் சாவிகளின் இடைவெளிகளினூடே உள்ளே இறங்கிவிடும். அவ்வேளையில் அவர் செய்வன பெரும்பாலும் மூன்று. மேற்புறத்தைத் துணியால் துடைப்பார். பொறி இன்னும் இயங்குகின்றதா என்று ஒரு முறைக்கு இருமுறை இயக்கிப் பார்ப்பார். பின்னர், யாரோ சொல்லக் கேட்டபடி, அதனை அரிசிக்குள் புதைத்து வைப்பார். இம்மூன்றனுள் முதலாவதனால் தீங்கில்லை. மூன்றாவது வீண். இரண்டாவதோ, பிழைத்திருக்கக்கூடிய பொறியைக் கொன்றுவிடுவது.

பலருடைய வீட்டில் அப்பொறி கடன்பட்டு வாங்கப்பட்டதாயிருக்கும்; 2011ஆம் ஆண்டு முதற்கொண்டு தமிழக அரசினர் மாணவர்க்கு விலையின்றி வழங்கியவற்றுள் ஒன்றாயும் இருக்கலாம். எவ்வாறாயினும், அது போனால் மற்றொன்று உடனே வாங்கும் வசதி நம் மாணவர் பலர்க்கில்லை. ஆதலின், இவ்விபத்து நேர்ந்தபோது பொறிக்குள் நிகழ்வது யாது என்பதையும், அதனைத் தடுக்குமாறு யாங்ஙனம் என்பதையும் ஈண்டுச் சிறிது விரித்துரைக்கப் புகுகின்றோம்.

மின்சாரப் பொறிகளுக்கு நீரே பகை என்று யாவரும் எண்ணுகின்றனர். இரசாயன நூல் கற்றவர் அங்ஙனம் எண்ணார். கலப்பற்ற தூய நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதன்று. 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள தூய நீர்க்கன சதுரம் மின்னோட்டத்திற்குக் காட்டும் தடை ஏறக்குறைய 1 கோடியே 82 லட்சம் ஓம் ஆகும். ஆனால் அத்தகைய நீரை நாம் குடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. குழாய்நீரிலும் கிணற்றுநீரிலும் சுண்ணாம்பு, மெக்னீசியம், சோடியம் முதலியவற்றின் உப்புக்கள் கரைந்துள்ளன. அவை தூய நீரினும் பல்லாயிரம் மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பைக் கொண்ட கடல்நீரோ 9 அல்லது 10 லட்சம் மடங்கு கடத்தும். தேநீரில் பாலின் உப்புக்களும் சர்க்கரையும் உள்ளன. இளநீர் உடம்பிற்கு எத்துணை நன்றோ அத்துணைப் பொறிக்குத் தீது. அதில் பொட்டாசியம் மிகுதி. கோலா வகைப் பானங்களில் பாஸ்பாரிக் அமிலமும் உடன் சேர்கின்றது. எனவே, கொட்டியது யாது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல், மருத்துவன் நோயின் முதலை நாடுதல் போல்வதாம்.

இனி, இவ்வுப்புநீர் மதர்போர்டு என்று வழங்கும் தாய்ப்பலகையின்மேற் படிந்தபோது நிகழ்வதைக் காண்போம். அப்பலகையிற் செம்பினாலாகிய மெல்லிய கோடுகள் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றின் பெரும்பகுதியை ஒருவகை அரக்குப் பூச்சு மூடிக் காக்கின்றது. பலகை பச்சையாகவோ கருமையாகவோ தோன்றுவது அப்பூச்சின் நிறத்தாலேயாம். ஆயினும், உறுப்புக்கள் ஈயப்பற்று வைக்கப்பட்ட இடங்களிலும், கம்பிகள் செருகப்படும் ஊசிகளிலும் உலோகம் வெளிப்பட்டே இருக்கும். அண்மையிலுள்ள இரண்டு ஊசிகளுக்கிடையே உள்ள தொலைவு சிற்சில இடங்களில் அரை மில்லிமீட்டரும் இராது. அவ்விடைவெளியை ஒரு துளித் தேநீர் நிரப்பினால், அங்கே சிறியதொரு மின்பகுப்புத் தொட்டி அமைந்துவிடுகின்றது.

வெள்ளி முலாம் பூசும் பட்டறையைக் கண்டவர்க்கு இது விளங்கும். அங்கே உப்புக் கரைசலில் வெள்ளித் தகடொன்றும், முலாம் பூசவேண்டிய பாத்திரமும் தொங்கவிடப்படும். மின்சாரம் செல்லச் செல்ல, நேர்முனையிலுள்ள வெள்ளி கரைந்து, எதிர்முனையிலுள்ள பாத்திரத்தின்மேற் படியும். அதே செயலே நனைந்த பலகையிலும் நிகழ்கின்றது. நேர்முனையாகிய ஊசியின் செம்பும் வெள்ளீயமும் கரைகின்றன. கரைந்தவை எதிர்முனையிற் சென்று படிகின்றன. அவை அங்கே ஒழுங்காகப் படியாமல், பெரணிச் செடியின் இலைபோற் கிளைத்து, நேர்முனையை நோக்கியே வளர்ந்து வரும். அக்கிளை மறுகரையைத் தொட்ட கணத்தில் குறுக்கு மின்னோட்டம் உண்டாகின்றது. பின்னர்ப் புகை எழுவதும் உண்டு.

இவ்வழிவு எத்துணை விரைவினது என்பதை மைக்கேல் பாரடே 1830களில் நிறுவிய மின்பகுப்பு விதிகளைக் கொண்டு நாமே கணக்கிடலாம். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1.19 கிராம் செம்பைக் கரைக்கும். ஒரு மில்லி ஆம்பியர் 1.19 மில்லிகிராமைக் கரைக்கும். பலகையிலுள்ள செம்புக்கோடு ஒன்று 0.1 மில்லிமீட்டர் அகலமும் 0.035 மில்லிமீட்டர் கனமும் உடையதென்று கொள்வோம். அத்தகைய கோட்டில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தின் எடை ஏறக்குறைய 0.31 மில்லிகிராமே. ஆகவே, அம்மின்னோட்டம் முழுவதும் செம்பைக் கரைப்பதிலேயே செலவாகுமாயின், ஒரு மில்லி ஆம்பியர் அதனைப் பதினாறு நிமிடத்தில் இல்லையாக்கிவிடும். உண்மையில் மின்னோட்டத்தின் ஒரு பகுதி நீரைப் பகுத்து வாயுவாக்குவதிற் கழிந்துவிடும். எனினும், நிமிடக் கணக்கில் அமையும் அழிவு இது என்பது தெளிவு. மின்சாரம் இல்லாவிடத்தோ அதே செம்பு, மழையில் வைத்த செம்புக்குடம்போல, நாட்கணக்கிற் களிம்பேறி மெல்ல மெல்லவே கெடும். நிமிடங்களுக்கும் நாட்களுக்கும் உள்ள இவ்வேறுபாட்டிலேயே பொறியைக் காக்கும் வாய்ப்பு முழுவதும் அடங்கியிருக்கின்றது.

இதனை நம்புதற்கு அரிதென்பார்க்கு ஒரு சான்று கூறுவோம். 2009ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், ரியோ டி ஜனேரோவினின்று பாரிஸ் நகருக்குப் புறப்பட்ட ஏர் பிரான்ஸ் 447ஆம் எண் விமானம் அட்லாண்டிக் பெருங்கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 228 பேரும் மாண்டனர். விபத்தின் காரணத்தை உரைக்கவல்லவை, விமானத்தின் செய்திகளைப் பதியும் கருவியும், விமானிகளின் பேச்சைப் பதியும் கருவியுமே. அவை ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்தில், உப்புநீருக்குள், இரண்டு ஆண்டிற்குச் சற்றே குறைந்த காலம் கிடந்தன. 2011ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் நாளும் 3ஆம் நாளும் அவற்றின் நினைவுப் பகுதிகள் கண்டெடுக்கப்பட்டன. பிரான்சு நாட்டு விமான விபத்து ஆய்வுத் துறையினர் லே பூர்ஜேயிலுள்ள தம் ஆய்வுக்கூடத்தில் அவற்றைத் திறந்து, துலக்கி, உலர்த்தி, அதன்பின்னரே மின்சாரம் ஊட்டினர். அம்மாதத்தின் நடுவிலேயே இரண்டு கருவிகளின் பதிவும் முழுமையாகக் கிடைத்துவிட்டன. நினைவுப் பகுதியைச் சூழ்ந்திருந்த கவசமும் காப்புப் பொருள்களும் இதற்குப் பெருந்துணை புரிந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், விமானம் வீழ்ந்த அப்பொழுதே மின்சாரம் அற்றுப்போயிற்று என்பதனை மறக்கலாகாது.

இவ்வாய்வாளர் கையாளும் மரபொன்று நம் கருத்திற்கு இன்னும் நெருங்கியது. கடலினின்றும் எடுத்த பதிவுக் கருவியை அவர்கள் காற்றில் உலரவிடுவதில்லை; ஆய்வுக்கூடம் சேருமளவும் நல்ல நீரிலேயே அமிழ்த்தி வைக்கின்றனர். ஏனெனின், உப்புநீர் தானே உலருங்கால் நீர் மட்டும் போகும். உப்பு உலோகத்தின்மேற் செறிந்து நிற்கும். காற்றிலுள்ள பிராணவாயுவும் உடன்சேர, துரு விரைந்து பற்றும். கழுவாமல் உலர்த்துதல் பகையைப் பலகைக்குள்ளேயே குடியேற்றுவதாகும். இன்று உலர்ந்து இயங்கிய பொறி, மழைக்காலத்து ஈரக்காற்றில் அவ்வுப்பு மீண்டும் நீரை உறிஞ்ச, மூன்று திங்கள் கழித்துத் திடீரென நின்றுபோவது இதனாலேயாம். காரணம் அறியாதார் அதனைப் பொறியின் தலைவிதி என்பர்.

இனிச் செய்முறைக்கு வருவோம். திரவம் கொட்டிய உடனே, குவளையை நிமிர்த்துவதற்கும் முன்னதாக, சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்திச் சார்ஜரைக் கழற்றுக. ஈரக்கையால் 230 வோல்ட் மின்சாரம் உள்ள செருகியைப் பற்றலாகாது. எழுதியதைச் சேமித்துவிட்டு அணைப்போம் என்று காத்திருத்தல் கூடாது. பொறியின் ஆற்றற் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து உடனே அணைத்துவிடல் வேண்டும். எழுதிய ஒரு பக்கம் போனாற் போகட்டும். பின்னர், பொறியை விரித்த நிலையிலேயே, கூடாரம்போலக் கவிழ்த்து வைத்தால், உள்ளே இறங்கிய நீர் வந்த வழியே வடியும். குலுக்குதல் வேண்டா, குலுக்கினால் நீர் தான் சேராத இடத்திற்கும் சேரும்.

அணைத்துவிட்டமையால் மின்சாரம் அற்றுவிட்டதென்று எண்ணுதல் பெரும்பிழை. பேட்டரி உள்ளே இருக்கும்வரை பலகையின் சில பகுதிகளில் மின்னழுத்தம் இருந்தே தீரும். பழைய லேப்டாப்புகளிற் பேட்டரியைப் புறத்தேயிருந்து தாழ் நீக்கி எடுத்துவிடலாம். இக்காலத்தனவற்றில் அடிமூடியின் திருகுகளைத் திருப்புளியாற் கழற்றி, பேட்டரியின் இணைப்பைப் பலகையினின்றும் பிரித்தல் வேண்டும். இதற்கேற்ற சிறு திருப்புளி கையில் இல்லாதவர், காலையில் பார்ப்போம் என்று இராமல், உடனே கைதேர்ந்தவரிடம் கொண்டுசெல்லுதல் நலம். கடிகாரத்திற்கென்று உள்ள காசுபோன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்றும் பல பலகைகளில் உண்டு; அதனையும் எடுத்துவிடுக. பெரும்பாலோர் மறப்பது இதனையே. எல்லாம் நீக்கிய பின்னர் ஆற்றற் பொத்தானை மீண்டும் ஒருமுறை அழுத்தினால், எஞ்சிய மின்னூட்டமும் வடிந்துவிடும்.

அரிசியைப்பற்றி ஒரு சொல். உலர்ந்த அரிசி சிறிது ஈரத்தை வாங்கும் என்பது மெய்யே. உப்புப் பாத்திரத்தில் நாலு அரிசி இட்டுவைக்கும் வீட்டு வழக்கம் அதனாலாயது. ஆயின், பொறியின் வயிற்றுக்குள் சில்லுகளுக்கு அடியில் ஒடுங்கிய தேநீரை அரிசி சென்று இழுத்து வருவதில்லை. திறந்த காற்றோட்டத்தில் வைத்தலினும் அரிசியால் மிகுதியாக ஆகும் பயன் ஒன்றும் இன்று. மாவும் தவிடும் துளைகளிற் புகுதலே கண்ட பலன். நனைந்த ஐபோனை அரிசிப் பையில் இடாதீர் என்று ஆப்பிள் நிறுவனத்தாரே 2024ஆம் ஆண்டில் தம் அறிவுரையில் எழுதியுள்ளனர். யாவற்றினும் மேலாக, அரிசி உப்பையும் சர்க்கரையையும் நீக்குவதில்லை. அது செய்யும் பெருந்தீங்கு, பொறியுடையாரை இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் அமைதியாய் இருக்கச்செய்வதே.

கழுவுதற்கு உரியது காய்ச்சி வடித்த நீர். கார், இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்கென்று கடைகளில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். ஆனால் அதே கடைகளில் அமிலமும் அத்தகைய கலங்களிலேயே விற்கப்படுதலின், மேலொட்டிய சீட்டைப் படித்தே வாங்குக. புட்டியில் அடைத்த குடிநீர் வாய்க்கு இனிதாதற்பொருட்டு உப்புச் சேர்க்கப்பட்டிருக்கலாம்; அதனைக் கொள்ளற்க. நீராற் கழுவிய பின்னர், 99 விழுக்காட்டுத் தூய்மையுள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் மறுமுறை கழுவுதல் வழக்கம். முதலிலேயே ஆல்கஹாலைக் கொண்டாலென்னை எனின், சர்க்கரை அதில் நன்றாகக் கரையாது, நீரிலேயே கரையும். ஆல்கஹாலின் தொழில் வேறு. அஃது எவ்வளவாயினும் நீருடன் கலக்கும். அதன் மேற்பரப்பு இழுவிசை நீரினதில் மூன்றில் ஒரு பங்கு அளவினதே ஆதலின், சில்லுகளுக்கு அடியிலுள்ள நுண்ணிய இடைவெளிகளிலும் நுழைந்து, அங்குத் தங்கிய நீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு விரைந்து ஆவியாகும். மருந்துக்கடைகளிற் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் மீதி நீரே, கைகழுவும் சானிடைசரில் கிளிசரின் முதலிய பிசுக்குப் பொருள்களும் உண்டு, அவை ஆகா. பெட்ரோலும் தின்னரும் கொண்டு பலகை துலக்குவாரும் உளர். அவை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

பலகையைக் கழற்றிச் சாய்வாகப் பிடித்து, வடிநீரை மெல்ல ஊற்றி, மென்மையான பழைய பல்துலக்கியால் கறை படிந்த இடங்களை நோகாமல் தேய்க்க. பச்சையாகவோ வெண்மையாகவோ பொருக்குக் காணும் இடத்திலேயே உழைப்பு வேண்டும். திரைக்குச் செல்லும் கம்பியின் செருகுவாயைச் சிறப்பாக நோக்குக. அங்கே ஊசிகள் மிக நெருங்கியவை. பின்னொளிக்குச் செல்லும் மின்னழுத்தமோ மற்றவற்றினும் உயர்ந்தது. பலகையை நீராற் கழுவுதலா என்று அஞ்சற்க. தொழிற்சாலைகளில் ஈயப்பற்று வைத்த பின்னர், அதன் பொருட்டுத் தடவிய பிசினைப் போக்குதற்கு உப்பு நீக்கிய நீரால் பலகைகளைக் கழுவுதல் இயல்பான வினையே. அங்கும் மின்சாரம் ஊட்டுவது உலர்ந்த பின்னர்தான். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றுவது. அறை வெப்பத்திலேயே அதன் ஆவி எரியவல்லது. ஊதுவத்தியும் அடுப்பும் அவ்வறையில் இருத்தலாகாது. சாளரங்கள் திறந்திருத்தல் வேண்டும்.

கழுவத்தகாதனவும் சில உள. லித்தியம் பேட்டரியைக் கழுவற்க. அது நனைந்திருப்பினும் வீங்கியிருப்பினும் புதியது வாங்குதலே தக்கது. பழையதைக் குப்பையில் எறிதலும் தீ விபத்திற்கு வழி. திரை பல மெல்லிய ஏடுகளால் ஆயது. ஏடுகளினிடையே நீர் புகுந்தாற் கறை நீங்காது. மேசைக் கணிப்பொறியிலுள்ள பவர் சப்ளைப் பெட்டியைத் திறத்தல் உயிர்க்கே இடர். அதன் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டிற்கும் மேற்பட்ட மின்னூட்டம், செருகியை எடுத்த பின்னும் சிறிது நேரம் தங்கியிருக்கும். சுழலும் தட்டுள்ள ஹார்டு டிஸ்கைப்பற்றித் தனியே சொல்லவேண்டும். அதன் உறையில் காற்றுப் போக்குவரவிற்கென்று சிறு துளை பெரும்பாலும் இருக்கும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் நேர்ந்தது போன்ற வெள்ளத்தில் மூழ்கியதாயின், சேறும் உப்பும் அத்துளைவழி உட்சென்றிருக்கும். அதனை இயக்கலாகாது, திறக்கலாகாது, உலர்த்தவும் ஆகாது. உலர்ந்தால் சேறு தட்டின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியிற் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு, தரவு மீட்கும் தொழிலாளரிடம் அப்படியே கொடுத்தல் வேண்டும். அதனுள்ளே குடும்பத்தின் புகைப்படங்களோ ஆய்வேடோ இருந்து, வேறு படியும் இல்லையாயின், கணிப்பொறியைவிட அத்தட்டே விலையுயர்ந்தது.

உலர்த்துதலில் அவசரமே கேடு. நீர் ஆவியாதற்கு வெப்பமும் காற்றோட்டமும் வேண்டும் என்பது மெய். ஆயினும், கடும் வெயிலும் தலைமுடி உலர்த்தும் கருவியின் சுடுகாற்றும் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். பலகையை வலைத்தட்டு ஒன்றின்மேற் செங்குத்தாக நிறுத்தி, நிழலில், மின்விசிறியின் காற்று இருபுறமும் தவழுமாறு வைத்தலே போதும். மதுரையின் சித்திரை மாதத்து வறண்ட காற்றில் ஒன்றிரண்டு நாளில் உலர்வது, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நான்கு நாளும் கொள்ளும். ஈரம் மிகுந்த காற்று மேலும் ஈரத்தை ஏற்காது. அக்காலத்தில், புதிய காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டணங்கள் சிலவற்றுடன் மூடிய பாத்திரத்தில் இறுதி நாளை வைத்தல் பயன் தரும். ஆல்கஹாலின் மணம் சிறிதேனும் இருக்குமளவும் பூட்டுதல் கூடாது.

எல்லாம் உலர்ந்தபின், கண்ணாடி கொண்டு பலகையை மீண்டும் ஒருமுறை நோக்கி, கறை இன்மை கண்டு, குறைந்த உறுப்புக்களோடு பூட்டி இயக்குக: பலகை, நினைவகம், திரை, சார்ஜர் என்பனவே முதலிற் போதும். எரிமணமோ கடுஞ்சூடோ தோன்றின் உடனே நிறுத்துக. எழுத்துப் பலகை மட்டும் பழுதாயின் அதனை மாற்றுதற்குப் பெருஞ்செலவில்லை. அதுவரை புறத்தே செருகும் கீபோர்டு உதவும். பொறி உயிர்பெற்றதாயின், முதல் வேலை ஆய்வேட்டைத் தொடர்தலன்று, உள்ள கோப்புக்களையெல்லாம் வேறோரிடத்திற் படியெடுத்தலே, மீண்டும் நிற்கக்கூடும். உயிர்பெறவில்லையாயின், எஸ்.எஸ்.டி. என்னும் நினைவுத் தகடு தனியே கழற்றத்தக்க வகையினதா என்று பார்க்க. கழற்றத்தக்கதாயின், அதனையும் மேற்கூறியவாறே துலக்கி உலர்த்தி, பத்துப் பதினைந்து நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உறையொன்றிற் பூட்டி, நண்பரது கணிப்பொறியிற் செருகிக் கோப்புக்களை எடுத்துவிடலாம். பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டதாயின், அப்பலகையைப் பழுதுபார்க்க வல்லவரிடத்திற் செல்வதன்றி வேறு வழியில்லை. செல்லும்போது, கொட்டியது தேநீரா, நீரா, எந்த நாளில், எத்தனை முறை இயக்கிப் பார்த்தோம் என்பனவற்றை ஒளியாமற் கூறுக.